மேக்காட்டின் வருகைப் பதிவேடு

திங்கட்கிழமை காலையில் கிளுவங்காட்டுவலசு நடுநிலைப் பள்ளியின் தாழ்வாரம் பின்லாந்தைத் தொட்டுவிட்டது. துளசிமணி டீச்சர் அதைப் பார்த்தாள். இனிமேல் பெருக்குவதற்கு ஒரு விளக்குமாறு போதாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் அந்த நாட்டுப் பள்ளியோடு ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்தே தாழ்வாரம் நீண்டுகொண்டுதான் இருந்தது. முதலில் நாலு முழம். பிறகு மாரியம்மன் கோயில் வரைக்கும். கார்த்திகையில் நடுவே கடல் வந்தது. அந்த வாரம் தரையில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். மார்கழியில் அந்தக் கோடியிலிருந்து பனித்தூள் பறந்து வந்து பிள்ளைகளின் செருப்புகளில் விழுந்தது. இப்போது தை பிறந்துவிட்டது. கோடியில் ஒரு கதவு தெரிந்தது. கதவில் ஓர் அம்மாள் நின்றாள். அம்மாள் கையில் காப்பி இருந்தது.

"வணக்கம், அம்மையீர்!" என்று அந்த அம்மாள் கை அசைத்தாள். "நலமா?"

"நல்லா இருக்கறமுங்க. நீங்க?"

"நான் நலம். பசு பால் தரும்."

அவள் பெயர் ஐலா. அந்தக் கோடிப் பள்ளியின் தலைமையாசிரியை. துளசிமணி தபாலில் அனுப்பிய தமிழ்ப் பாடப் புத்தகங்களை, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும், அட்டை விடாமல் படித்தவள்.

துளசிமணி இந்தக் கோடியில் தலைமையாசிரியை. வகுப்பாசிரியையும் அவள்தான், மணி அடிப்பவளும் அவள்தான். பள்ளியில் ஒன்பது பிள்ளைகள். பத்துப் பேர் இல்லாவிட்டால் பள்ளிக்குப் பூட்டு என்று உத்தரவு வந்திருந்தது. ஊரில் பத்தாவது பிள்ளை இல்லை. இருந்த ஒன்றும் மஞ்சள் வேன் ஏறி டவுனுக்குப் போய்ப் படித்தது. அந்த நேரத்தில்தான் பன்னாட்டுப் பள்ளிக் கூட்டுறவு ஒப்பந்தம் வந்தது. ஒரு பள்ளியின் காட்டை இன்னொரு பள்ளி சேர்ந்து காக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கீழே பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: அவ்வாறு காக்கப்படும் காடு, அந்தப் பள்ளியின் மாணவராகக் கருதப்படும்.

துளசிமணி மேலே இருந்ததைப் படிக்கவில்லை. பொடி எழுத்தைத்தான் படித்தாள். ஒன்பதும் ஒன்றும் பத்து.

அன்று பொழுதோடவே அடுப்படியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். காட்டின் பெயர் என்ன என்று கேட்டிருந்தது. மேக்காடு என்று எழுதினாள். பரப்பு, இரண்டு ஏக்கர் எழுபது சென்ட். தாவரங்கள், சோளம். விலங்குகள், எருமை ஒன்று. காட்டுக்கு உள்ள ஆபத்து, மயில். அந்த ஆபத்தைத் தடுக்க நீங்கள் செய்வது, தகரம் தட்டுவது.

பொய் ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் உழுது விதைக்கிற நிலத்துக்குப் பெயரே காடுதான். கிணற்றுக்காடு, பள்ளக்காடு, மேற்கே இருந்தால் மேக்காடு. வனம் என்று கேட்டிருந்தால் அவள் யோசித்திருப்பாள். காடு என்றுதான் கேட்டிருந்தார்கள்.

ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அந்தக் கோடிப் பள்ளி தன் காட்டிலிருந்து மாதிரிக்கு ஒரு மரத்தை அனுப்பிவைத்தது. வெள்ளைப் பட்டை, மெல்லிய கிளைகள். சீட்டில் பூர்ச்ச மரம் என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் பூர்ச்சான் என்று கூப்பிட்டார்கள். பூர்ச்சான் கடைசி பெஞ்சில் நின்றான். வாய் திறக்கவில்லை. கையெழுத்து நன்றாக இருந்தது, கணக்கில் மட்டும் கொஞ்சம் மந்தம். அவன் விருந்தாளி, அவன் பெயர் அந்தக் கோடியின் பதிவேட்டில்தான் இருந்தது.

இந்தக் கோடியின் பதிவேட்டில் பத்தாவது பெயர் மேக்காடு. மூன்று மாதமாகத் துளசிமணி தினமும் அதற்கு வருகை போட்டுவந்தாள். ஜன்னலில் தெரிந்தது, போட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் பள்ளியின் இரும்பு பீரோ உள்ளேயிருந்து தட்டப்பட்டது. துளசிமணி திறந்தாள். பீரோவின் இரண்டாவது தட்டில் இருப்புச் சான்று அலுவலகம் இருந்தது. எழுத்தர் சென்னியப்பன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து காதில் பேனாவைச் செருகிக்கொண்டிருந்தார்.

"துளசிமணிங்களா?"

"ஆமாங்ணா."

"வியாழக்கெழமை வருவேன். பத்தாவது மாணவர் இருக்காருங்களான்னு பாக்கோணும்."

"இருக்குதுங்ணா. ஜன்னல்ல தெரியுது பாருங்க."

"தெரியறது வேற, இருக்கறது வேறம்மா. அவிய வாயால சொல்லோணும்."

"என்னன்னுங்?"

"உள்ளேன் அம்மான்னு."

"காடு எப்படிங்ணா பேசும்?"

"அது அவிய பாடு. படிவம் பதினொண்ணு இருக்குது. இருக்கறவிய, தாம் இருக்கறதாத் தாமே சொல்றது."

"சொல்லலீனா?"

"படிவம் பன்னண்டு. இல்லாதவிய, தாம் இல்லைன்னு சொல்றது. அதையும் அவியதான் நேர்ல வந்து குடுக்கோணும். குடுத்தாப் பூட்டிருவேன்."

"பூட்டு கொண்டாந்திருக்கீங்களா?"

"வளந்துட்டிருக்குது" என்றார் சென்னியப்பன். "சித்த கதவச் சாத்துங்க, காத்தடிக்குது."

சாயங்காலம் துளசிமணி மேக்காட்டுக்குப் போனாள். அவள் வீட்டுக்காரர் ரத்தினசாமி வரப்பில் நின்று சோளக்கருதை உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேக்காட்டுக்காரர் என்பார்கள். அவசரத்துக்கு மேக்காடு.

"வெளஞ்சு போச்சு புள்ள. வியாழக்கெழம அறுப்பு. ஆள் சொல்லியாச்சு."

"ஏனுங்க, ஒரு சங்கதி."

"சொல்லு."

"நம்ம காட்ட நான் பன்னாட்டு ஒப்பந்தத்துல சேத்துட்டனுங்."

"பன்னாடை ஒப்பந்தமா?"

"பன்னாட்டுங்க. பல நாட்டுக்காரங்க சேந்து பண்றது. பள்ளிக் கூட்டுறவு."

"கூட்டுறவுன்னாச் சக்கரை போடுவாங்களா?"

"போடமாட்டாங்க. காட்டை வெட்டக் கூடாதும்பாங்க."

ரத்தினசாமி கருதைக் கீழே போட்டார். "எந்தக் காட்ட?"

"இந்தக் காட்டத்தான்."

"சோளத்தையா?"

"அவங்களுக்கு அது காடுங்க."

"நமக்கும் அது காடுதான புள்ள!"

"அதுதானுங்க வம்பே."

துளசிமணி வியாழக்கிழமைச் சோதனையையும் சொல்லி முடித்தாள். ரத்தினசாமி வரப்பில் உட்கார்ந்தார். எருமை அவரைப் பார்த்தது. அந்த எருமைக்கு ஒரு வருடத்துத் தீவனம் அங்கே நின்றுகொண்டிருந்தது. மழை ஒன்று விழுந்தால் கருது கறுத்துப்போகும். வெள்ளிக்கிழமை ஆட்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

"சரி, வியாழக்கெழம கூப்படறப்ப அது பேசாம இருந்துட்டா?"

"பள்ளிக்கூடத்தப் பூட்டிருவாங்க."

"பேசிட்டா?"

"சோளம் போச்சு."

"இதென்ன கெரகம். நீ அது பேசோணும்ங்கறயா, பேசக் கூடாதுங்கறயா?"

அந்த ஒன்பது பிள்ளைகளில் நாலு பேர் நடந்து வருகிறவர்கள். பள்ளி பூட்டினால், காசு கட்ட வழியில்லாத அவர்களை ஏற்றிக்கொள்ள மஞ்சள் வேன் நிற்காது. அது துளசிமணிக்குத் தெரியும். எருமையையும் அவளுக்குத் தெரியும். சோளத்துக்குள்ளிருந்து ஏழு மயில்கள் தலையைத் தூக்கின. அவள் பழக்கத்தில் தகரத்தை எடுத்து நாலு தட்டுத் தட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகளுக்குப் பத்து வாய்ப்பாடு எழுதப் போட்டுவிட்டு, வீட்டுக்காரரின் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, துளசிமணி பின்லாந்துக்கு நடந்தாள். பதினோரு நிமிடம் ஆனது. பாதி வழியில் சத்துணவுச் சாம்பார் வாசனை நின்று புது விறகு வாசனை ஆரம்பித்தது.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க."

"தவறு. எதிர்ச்சொல், சரி" என்றாள் ஐலா. காப்பி ஊற்றினாள்.

"நான் எழுதுனது காடு இல்லீங்க. காடு."

"காடு அன்று. காடு."

"ஆமாங்க. உங்குளுது காடு. எங்குளுது காடு."

"புரிந்தது. இரண்டும் காடு."

"இல்லீங்க. எங்குளுது உழுகறது, வெதைக்கறது, அறுக்கறது."

"எங்கள் புத்தகத்தில் காடு என்ற பாடத்தில் ஒரு யானை உண்டு. உங்கள் காட்டில் எருமை உண்டு. எருமை, யானையினும் சிறியது. குறை இல்லை."

ஐலா ஜன்னலைத் திறந்து காட்டினாள். வெளியே பனியில் மரங்கள் வரிசையாக நின்றன. நாற்பதாயிரம் இருக்கும். ஓரத்துப் பூர்ச்ச மரங்கள் போக எல்லாம் ஒரே மாதிரி பச்சை, எல்லாம் நேராக. சத்தம் இல்லை.

"இவர்கள் எம் மாணவர்கள். எண்பது ஆண்டுகளாகப் படிக்கின்றனர்."

"எம்பது வருசமா!" துளசிமணி டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்தப் பாடத்துலங்க போச்சு?"

ஐலா யோசித்தாள். அந்தக் கேள்வி ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வரவில்லை.

"அறியேன்" என்றாள். "படிப்பு முடியும்வரை மாணவரை யாரும் வெட்டக் கூடாது. அதுவே ஒப்பந்தம். பிறகு, இதைக் கேளுங்கள்."

அவள் கையைத் தட்டினாள். நாற்பது பிள்ளைகள் கம்பளிச் சட்டையோடு வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு தகரம் இருந்தது.

"உங்கள் காட்டின் ஆபத்தை நாங்கள் படித்தோம். மூன்று திங்களாகப் பயிற்சி செய்கிறோம்."

பிள்ளைகள் தட்டினார்கள். துளசிமணி இருபத்தெட்டு வருடமாக மயிலுக்குத் தகரம் தட்டுகிறவள். அவளுக்கு இவ்வளவு தாளம் ஒருநாளும் வந்ததில்லை. இந்தப் பிள்ளைகள் யாரும் மயிலைப் பார்த்ததும் இல்லை. படிவத்தில் இருந்தது, தட்டினார்கள்.

அவளுக்கு அதற்குமேல் தப்பைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

"நல்லாத் தட்டறீங்க சாமி" என்றாள். "மணிக்கட்ட மட்டும் சித்த தளத்துங்க."

திரும்பி வரும்போது தாழ்வாரம் ஏற்றமாக இருந்தது.

வியாழக்கிழமை ஒன்பதரைக்குப் பீரோ திறந்தது. சென்னியப்பன் இறங்கி வந்தார். ஒரு கையில் படிவக் கட்டு. இன்னொரு கையில் பச்சைத் துண்டில் சுற்றிய பூட்டு. ஆறு வயதுப் பிள்ளை அளவு வளர்ந்திருந்தது. அதை நாற்காலியில் உட்கார வைத்தார். பூட்டு கொட்டாவி விட்டது.

அதே நேரம் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஐலா காலால் உந்தித் தள்ளும் சறுக்கு நாற்காலியில் வந்து சேர்ந்தாள். முழங்கால் வரை பனி. வெயிலில் அது உருகி வகுப்பறைக்குள் ஓடியது. பிள்ளைகள் புத்தகப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

துளசிமணி பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டாள். ஒன்பது பேரும் உள்ளேன் அம்மா சொன்னார்கள். பத்தாவது பெயருக்கு வந்ததும் அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"மேக்காடு."

"ஏனுங்?" என்று வெளியேயிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ரத்தினசாமி கருக்கருவாளும் தலைப்பாகையுமாக வரப்பில் நின்றார். அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் அருவாளோடு நின்றார்கள்.

"இவருங்களா மாணவர்?" என்றார் சென்னியப்பன்.

"இவரு என்ர ஊட்டுக்காரருங்க. ஊர்ல இவர அப்படிக் கூப்படறதுங்."

"மீசை இருக்குது. வயசு அம்பத்தேழு இருக்கும். எட்டாவதுல சேக்க முடியாது."

"நான் எட்டாவது இங்கதான் படிச்சேன்" என்றார் ரத்தினசாமி. "ரெண்டு தடவ."

"அப்ப உங்களுக்கு எப்பவோ டி.சி. குடுத்தாச்சு. நீங்க செல்லாது. காட்டக் கூப்படுங்க."

"அது வெளியதானுங்ணா நிக்குது" என்றாள் துளசிமணி.

"வெளிய நிக்கறவிய ஆப்செண்டு."

துளசிமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் அருவாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் அவள் இப்படி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

"ஏனுங்க, அதச் சித்தக் கூட்டிட்டு வாறீங்களா?"

"எதுல வரும் புள்ள அது?"

"நீங்க முன்னால வாங்க. உங்க பொறத்தால வரும்."

ரத்தினசாமி அருவாளை இடுப்பில் செருகினார். எருமையின் தலைக்கயிற்றை அவிழ்த்து வரப்போர வேம்பில் ஒரு சுற்று, எருமையின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். இழுத்தார். மேக்காடு எழுந்து வந்தது. முன்னால் அவர், அடுத்து எருமை, அதற்குப் பின்னால் இரண்டு ஏக்கர் எழுபது சென்ட் சோளம், வரப்பு, கிணறு, ஏழு மயில். வாசலில் கொஞ்சம் நெருக்கடி.

"நேரா வந்தா முடியாது. கிணத்த முன்னால உடுங்க!" என்று அறுப்பு ஆட்கள் கத்தினார்கள்.

"ஒருச்சாச்சு வாங்க! பக்கவாட்டுல, ஒருச்சாச்சு!"

வகுப்பறை இருபதுக்கு இருபது. காடு கரும்பலகையை ஒட்டி உள்ளே வந்து, பெஞ்சுகளுக்கு நடுவில் நாலாக மடிந்து உட்கார்ந்தது. ஒரு மூலையில் இன்னும் இடம் மிச்சம் இருந்தது. அங்கே எருமை நின்றுகொண்டது. பூர்ச்சான் கிளையை ஒதுக்கி இடம் விட்டான்.

"மிக அழகிய காடு" என்றாள் ஐலா. "மரங்கள் ஒல்லியானவை."

"இந்த வருசம் மழை கம்மிங்க" என்றார் ரத்தினசாமி.

துளசிமணி மறுபடி கூப்பிட்டாள்.

"மேக்காடு."

ரத்தினசாமி வாயைத் திறந்தார். சென்னியப்பன் விரலை நீட்டினார். ரத்தினசாமி வாயை மூடிக்கொண்டார்.

சோளம் அசையவில்லை. சென்னியப்பன் படிவம் பன்னிரண்டை எடுத்து மேசையில் வைத்தார். பூட்டு நாற்காலியிலிருந்து காலைக் கீழே விட்டது.

"மூணு தடவைதான்" என்றார் அவர். "ரெண்டு ஆச்சு."

"அதுக்கு எப்படிப் புள்ள தெரியும், நீ கூப்படறது?" என்றார் ரத்தினசாமி. "நீ என்னிக்கு அதப் பேர் சொல்லிக் கூப்பிட்ட? தெனம் தகரந்தான தட்டற?"

வகுப்பில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அறுப்பு ஆட்களும் பார்த்தார்கள்.

"அட மேக்காடு, வாய வெச்சுட்டுச் சும்மா இருக்கமாட்டியா?" என்றார் ஆட்களில் மூத்தவர். "அது பேசீருச்சுன்னா நாம எதைப் போயி அறுக்கறது?"

"தெரியாமச் சொல்லிப்போட்டனப்பா."

ஆனால் அவர் தெரியாமல் சொல்லவில்லை. துளசிமணிக்கு அது தெரிந்தது. அவர் எருமையின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மேசைக்குக் கீழே கிடந்த பழைய எண்ணெய்த் தகரத்தை எடுத்தாள். அடிக்கோலை எடுத்தாள். மூன்றாவது தடவையாக, தட்டினாள்.

டங் டங் டடங்.

பிறகு தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து, பதினோரு நிமிடத் தூரத்திலிருந்து, நாற்பது தகரம் ஒன்றாகப் பதில் தட்டியது. மணிக்கட்டு தளர்ந்திருந்தது. சத்தம் கடலைத் தாண்டி, கோயிலைத் தாண்டி வந்து ஜன்னல் கதவுகளை ஆட்டியது.

ஏழு மயில்களும் சோளத்துக்குள்ளிருந்து எழுந்தன. எந்தப் பக்கம் போவது என்று பார்த்தன. தாழ்வாரத்தில் இறங்கி, ஒன்றன்பின் ஒன்றாக, வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்லாந்தைப் பார்த்து நடந்தன.

"எங்களிடம் மயில் இல்லை" என்றாள் ஐலா.

"இனி இருக்குமுங்க" என்றாள் துளசிமணி.

அப்போது முன்வரிசையில் ஒரு சோளத்தட்டு நிமிர்ந்தது.

"உள்ளேன் அம்மா."

பக்கத்துத் தட்டு நிமிர்ந்தது. "உள்ளேன் அம்மா."

அதற்கும் பக்கத்தில் ஒன்று. அதற்குப் பின்னால் ஒன்று. கிணற்றங்கரையில் இருந்த ஒன்று, குரல் உடைகிற வயது போல, "உள்ளேன் அம்மா."

"ஒரு மாணவர்னுதான எழுதியிருந்துது?" என்றார் சென்னியப்பன்.

"காடுன்னாத் தனியாவாங்ணா இருக்கும்?"

சென்னியப்பன் ஒவ்வொன்றுக்கும் படிவம் பதினொன்று எழுத ஆரம்பித்தார். நூற்றுப் பதினாறாவது படிவத்தில் கையை உதறினார். பிள்ளைகள் ஒன்பது பேரும் ஆளுக்கு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தார்கள். பூட்டு எல்லோரையும் பார்த்தது. அதற்கு ஒரு பென்சில் கொடுத்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை இரண்டு லட்சத்து ஒன்பது ஆயிற்று.

"பள்ளிக்கூடம் இருக்குது" என்றார் சென்னியப்பன். முத்திரையைக் குத்தினார். பூட்டின் தலையைத் தடவினார். "இத என்னம்மா பண்றது? பீரோல தனியா உட்டா அழும்."

"ஒண்ணாவதுல உக்கார வைங்க" என்றாள் துளசிமணி.

அறுப்பு ஆட்கள் அருவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். மாணவர்களுக்கு எதிரில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது நன்றாக இல்லை. ரத்தினசாமி எருமையின் கழுத்தைச் சொறிந்தார்.

"வா போலாம்" என்றார் அதனிடம். "இந்த வருசம் பட்டினிதான். படிச்சவிய ஆயிட்டாங்க."

துளசிமணி அவர் முதுகைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"ஐலாம்மா, உங்க ஒப்பந்தத்துல என்ன சொன்னீங்க? எதுவரைக்கும் வெட்டக் கூடாது?"

"படிப்பு முடியும்வரை."

"சென்னியப்பண்ணா, படிப்பு முடிஞ்சாப் பிள்ளைகள என்னங்ணா பண்ணோணும்?"

"டி.சி. குடுத்து அனுப்போணும். வெச்சிருக்கக் கூடாது. வெச்சிருந்தா அது வேற படிவம்."

துளசிமணி சோளத்துக்கு நடுவே போய் ஒரு கருதை ஒடிக்காமல், வளைத்து, உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். கெட்டியான வெள்ளை மணிகள் நின்றன. ஐலாவிடம் நீட்டினாள்.

"பாருங்க. இது ஐப்பசில வந்து சேந்தது. தையில வெளஞ்சு போச்சு. இதுக்குமேல சொல்லிக்குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க. முழுசும் பாஸ்."

ஐலா ஒரு மணியை வாயில் போட்டு மென்றாள். நெடுநேரம் மென்றாள்.

"மூன்று திங்களில்?"

"எங்க பிள்ளைக வெரசாப் படிச்சுரும்ங்க."

"எமது மாணவர்கள் எண்பது ஆண்டுகள்..." என்று ஐலா ஆரம்பித்து, கொஞ்சம் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள்.

"அதனால என்னங்க. ஒவ்வொண்ணு நிதானமாப் படிக்கும். அதுகள வெரட்டாதீங்க, இன்னும் எம்பது வருசம் படிக்கட்டும்."

"ஆகட்டும்" என்றாள் ஐலா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரும் அவர்களை வெட்டமாட்டோம்."

அன்று சாயங்காலம் வரைக்கும் மேக்காட்டில் டி.சி. கொடுத்தார்கள். காடு மடிப்பைப் பிரித்துக்கொண்டு பழைய இடத்துக்கே போய்ப் படுத்திருந்தது. துளசிமணி வரப்பில் மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். நடத்தை என்ற இடத்தில் எல்லோருக்கும் நன்று என்று எழுதினாள். கிணற்றங்கரைத் தட்டுக்கு மட்டும் திருப்தி. டி.சி. வாங்கிய தட்டு ஒரு முறை தலையாட்டியது. ஆட்கள் அதன் பிறகுதான் அருவாளை வைத்தார்கள். அருவாளை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் போய்ட்டு வா சாமி என்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐலாவும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டுக் கட்டினாள். அவளுக்குக் கட்டத் தெரியவில்லை. ஆட்கள் சிரித்தார்கள். "அம்மையீர், இறுக்கிக் கட்டுங்க!" என்றார்கள். எருமை முதல் கட்டைச் சாப்பிட ஆரம்பித்தது.

"காடு முடிந்ததே" என்றாள் ஐலா, வெறும் நிலத்தைப் பார்த்து. "ஒப்பந்தம்?"

"ஆடியில புது அட்மிசன்" என்றாள் துளசிமணி. "வெத முதற்கொண்டு எடுத்து வெச்சாச்சு."

"அதுவரை பத்தாவது மாணவர்?"

சென்னியப்பன் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். துளசிமணிக்கு அந்த மாதங்களைப் பற்றி அதுவரை நினைப்பே வரவில்லை. விரலை மடக்கினாள். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி.

அப்போதுதான் பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து, கடைசி பெஞ்சுப் பக்கமிருந்து, ஒரு குரல் கேட்டது.

"டீச்சர், தண்ணி குடிச்சுட்டு வரட்டுங்களா?"

பூர்ச்சான். மூன்று மாதமாக வாய் திறக்காதவன். அசல் கிளுவங்காட்டுவலசுப் பேச்சு.

"எங்களிடம் இவன் ஒரு சொல்லும் பேசியதில்லை" என்றாள் ஐலா.

"போயிட்டு வா கண்ணு" என்றாள் துளசிமணி.

பூர்ச்சான் பெஞ்சைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வேரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். மேக்காட்டின் வாய்க்கால் ஓரம் நின்றான். தண்ணீர் குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான்.

"நெழல் விழுகுமே புள்ள" என்றார் ரத்தினசாமி மெதுவாக. "அந்த எடத்துல சோளம் வராது."

"தண்ணி குடிச்சுட்டு வந்துரும், உடுங்க."

வரவில்லை. பொழுது இறங்கியது. ரத்தினசாமி கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மண்வெட்டியால் வாய்க்காலை அந்தப் பக்கம் இன்னும் ஒரு முழம் திருப்பிவிட்டார்.

"ஒண்ணுதான" என்றார்.

ஐலா ஒரு தாளை எடுத்து, இடமாற்றம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுச் சென்னியப்பனிடம் கொடுத்தாள். தன் சறுக்கு நாற்காலியில் ஒரு கட்டுச் சோளத்தட்டை ஏற்றிக்கொண்டு தாழ்வாரத்தில் இறங்கினாள். தூரத்தில் மயில் கத்தியது. அதற்கு நாற்பது தகரம் தட்டியது.

வெள்ளிக்கிழமை காலையில் துளசிமணி பதிவேட்டைத் திறந்தாள். ஒன்பது பேர். ஒன்றாம் வகுப்பில் பூட்டு. அதற்குப் பேச்சு இன்னும் வரவில்லை, கணக்கில் எடுக்கவில்லை. பத்தாவது பெயரைக் கூப்பிட்டாள்.

"பூர்ச்சான்."

"உள்ளேன் அம்மா" என்று வாய்க்கால் ஓரத்திலிருந்து பதில் வந்தது.

அவள் வருகை போட்டாள். பதிவேட்டை மூடப் போனாள்.

"உள்ளேன் அம்மா" என்றது இன்னொரு குரல். ரொம்பச் சின்னது. தரையை ஒட்டி வந்தது.

துளசிமணி ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பூர்ச்சானின் காலடியில் இரண்டு இலை முளைத்திருந்தது.

திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். பதினொன்று என்று எழுதினாள்.

"இனிசியல் என்ன கண்ணு?"

"பூ" என்றது அது.

துளசிமணி பூ என்று எழுதி, புள்ளி வைத்து, பெயருக்கு இடம் விட்டாள்.